மின்தூக்கியின் பிடி



மின்தூக்கியைப் பற்றி நுரைச்சோலைக்காரன் ஒருவன் பேச வருவது விந்தையாகத் தோன்றலாம். எங்கள் ஊர் மணற்றரை. வெங்காயப் பாத்தியும் மிளகாய்த் தோட்டமும் தென்னையுமே அதன் செல்வம். மாடி ஏறும் தேவை எங்களுக்கு மிகக் குறைவு. ஆயினும், 300 மெகாவாற் வலுவுள்ள மின்பிறப்பாக்கிகள் மூன்றைக் கொண்ட லக்விஜய அனல்மின் நிலையம் எங்கள் கடற்கரையிலேதான் நிற்கின்றது. 2011ஆம் ஆண்டு முதல் நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு அங்கிருந்தே செல்கின்றது. கொழும்பு மாடிகளில் ஏறி இறங்கும் பெட்டிகளுக்கும் எங்கள் ஊருக்கும் அவ்வகையில் ஓர் உறவு உண்டு. அவ்வுறவை நான் ஒருநாள் இருட்டிலே உணர்ந்தேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கொழும்பிலே உறவினர் ஒருவரின் வீடு 8ஆம் மாடியில் இருந்தது. மின்தூக்கியில் என்னுடன் காய்கறிப் பை ஏந்திய மூதாட்டி ஒருவரும் இளைஞர் ஒருவரும் ஏறினர். பாதிவழியில் விளக்கு அணைந்தது. பெட்டி ஒரு குலுக்கலுடன் நின்றது. அக்கட்டடத்தின் ஜெனரேற்றரும் அன்று உடனே இயங்க மறுத்துவிட்டது.

"தம்பி, இது கீழே விழுந்துவிடுமோ?" என்று மூதாட்டி கேட்டார்.

"விழாது அம்மா" என்றேன். ஏன் விழாது என்று அவர் மேலும் வினவியிருந்தால், கலைப் பட்டதாரியாகிய என்னிடம் விடை இருந்திராது. இளைஞரோ கதவிடுக்கில் விரல் நுழைத்து, "திறந்துகொண்டு கீழே குதிப்போம், சேர்" என்றார். அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். அறிவினால் அன்று, பிள்ளைகளைத் தடுத்துத் தடுத்துப் பழகிய கையின் வழக்கத்தினால். இருபது நிமிடங்கள் சென்றபின் வெளிச்சம் வந்தது.

நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதைப் பின்னரே அறிந்தேன். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என மின்சக்தி அமைச்சர் கூறினார். அத்தடையினால் நுரைச்சோலையின் மூன்று பிறப்பாக்கிகளும் நின்றுபோயின. ஊர் நின்றது, ஊரவன் அந்தரத்தில் நின்றான்!

மறுநாள், மின்தூக்கி பழுதுபார்க்கும் தொழிலாளர் ஒருவரிடம் மூதாட்டியின் கேள்வியை நானே கேட்டேன். அவர் கூறியது என்னை வியப்பில் ஆழ்த்தியது. பெட்டியைத் தாங்கிப் பிடிப்பது மின்சாரம் அன்று. மின்தூக்கியின் தடுப்பு விற்சுருளின் விசையினால் எப்பொழுதும் இறுகிப் பிடிக்கவே முயல்கின்றது. அப்பிடியைத் தளர்த்துவதற்கே மின்சாரம் வேண்டும். மின்சாரம் அற்றதும் பிடி தானாக இறுகும். கயிறும் ஒன்றன்று, பல. அளவு கடந்த வேகத்தில் பெட்டி இறங்கினாலோ, வேறொரு பொறி வழித்தண்டுகளைக் கௌவி அதனை நிறுத்திவிடும். 1854இல் நியூயோர்க் கண்காட்சியிலே எலிஷா ஓட்டிஸ் என்பார் தாம் நின்ற மேடையின் கயிற்றை எல்லோர் முன்னிலையிலும் வெட்டச்செய்து, மேடை விழாமல் நிற்பதைக் காட்டினார். மக்கள் அஞ்சாது மாடி ஏறத் தொடங்கியது அதன் பின்னரே.

அவர் வேறு சில புதுமைகளையும் சொன்னார். கயிற்றின் மறுமுனையில் ஓர் எதிர்ப்பாரம் தொங்குகின்றது. அது வெறும் பெட்டியினும் கனமானது. ஆகவே வெறும் பெட்டி மேலே செல்வது எளிது. அதனைக் கீழே இறக்கவே மோட்டார் உழைக்க வேண்டும்! நாமோ ஏறுவதுதான் கடினம் என்று எண்ணியிருக்கின்றோம். அழைப்புப் பொத்தானைப் பத்துமுறை அழுத்தினாலும் பொறி ஒருமுறை அழைத்ததாகவே கொள்ளும். அவசரக்காரர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உரிய பொத்தான்கள் இரண்டையும் அழுத்துவர். பெட்டி வேண்டாத திசையிலும் வந்து வீணே நின்று, எல்லோரையும் தாமதிக்கச் செய்யும். பாரம் மிகுந்தால் மணி அடிக்கும். அப்பொழுது உள்ளே இருப்போர் யாவரும் கூரையை நோக்குவரே அன்றி, ஒருவரும் இறங்கார்.

இவை சிரிப்பதற்கு உரியவை. இறுதியாக அவர் கூறியதோ சிரிப்பதற்கு உரியதன்று. "நின்ற பெட்டிக்குள் இருப்பவருக்கு ஆபத்து இல்லை, ஐயா. கதவை நெம்பி வெளியே வர முயல்பவருக்கே ஆபத்து" என்றார். இரு மாடிகளுக்கு இடையே பெட்டி நிற்கையில் அதன் அடியில் வெறும் பள்ளம் திறந்து கிடக்கும். கீழ்மாடிக்குக் குதிப்பவர் கால் இடறினால் அப்பள்ளத்திலேதான் விழுவார். அந்த இளைஞரின் கையை நினைத்தபோது என் நெஞ்சு ஒருகணம் நடுங்கியது.

ஆகவே நேயர்களே, பெட்டி நின்றால் மணிப்பொத்தானை அழுத்துங்கள்; காவலாளியை அழையுங்கள்; கதவில் கைவைக்காது காத்திருங்கள். பெட்டிக்குள் காற்று வருவதற்கு வழி உண்டு. மூச்சடைக்கும் என்று அஞ்ச வேண்டாம். நகரம் செல்லும் என் மாணவர்க்கும் இதனையே சொல்லி வருகின்றேன்.

அடுத்தமுறை கொழும்பு சென்றபோது அம்மூதாட்டியைத் தேடிச்சென்று, அன்று சொல்லத் தெரியாத விடையைச் சொன்னேன். அவர் சற்றே சிந்தித்துவிட்டு, "அப்படியென்றால் தம்பி, விளக்கு அணைந்த நேரத்தில்தான் அது எங்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது" என்றார்.

என் விளக்கம் முழுவதையும் அவர் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.