அழுது தூங்கிய பேய்க்குட்டி



என் பேத்திக்கு ஐந்து வயது. ராத்திரியில் கரண்ட் போனால் போதும், மடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, பேய்க்கதை சொல்லு" என்பாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் நிபந்தனையும் வந்துவிடும்: "பயமா இருக்கக் கூடாது." உப்புப் போடாமல் ஊறுகாய் கேட்கிற மாதிரிதான்.

என் அப்பாயிக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவளிடம் இருந்த பேய்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வேலை. சோறு தின்னாத பிள்ளையைப் பிடிக்க ஒன்று. உச்சிவெயிலில் புளியமரத்தடிக்குப் போகிற பிள்ளையைப் பிடிக்க ஒன்று. பொழுது சாய்ந்தபிறகு வாய்க்கால் பக்கம் போகிறவர்களுக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு. சேற்றில் மக்குகிற இலைதழையிலிருந்து எழும்பும் வாயு பற்றிக்கொள்வதுதான் அந்தப் பிசாசு என்று பின்னால் வாத்தியார் விளக்கியபோது, எனக்கு நிம்மதி வரவில்லை. ஏதோ சொந்தக்காரர் ஒருவர் செத்துப்போன மாதிரிதான் இருந்தது.

பயமுறுத்தாத பேய்க்கு எங்கே போவது? அம்புலிமாமா பத்திரிகையில் ஒருவர் இருந்தார். முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளம். ஓவியர் சங்கர் வரைந்த படத்தைப் பார்த்த யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்: கையில் உருவிய வாளோடு விக்கிரமன், முதுகில் வேதாளம். யோசித்துப் பாருங்கள், அந்த வேதாளம் ராஜாவின் கழுத்தை நெரிக்கவே இல்லை. வழி நெடுகக் கதைதான் சொல்லிற்று. கடைசியில் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும், வாயைத் திறந்தாலோ வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். நல்ல பேய்தான். ஆனால் அதன் கேள்விகள் ஐந்து வயதுக்கு ஆகாது.

அப்புறம்தான் உறைத்தது. காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு பேயைத் தேடி வெளியூர் போவானேன்! இந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து, 'காரைக்கால் பேய்' என்று பாட்டின் முடிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்ட ஒருத்தி நம் ஊர்க்காரிதானே. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர். ஊர் அவரை அம்மையார் என்கிறது; அவர் தன்னைப் பேய் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

கதை உங்களுக்குத் தெரியும். ஆனி மாதத்துப் பௌர்ணமியில் சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது, மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழம் இறைக்கிற ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் குழந்தைக்குச் சொல்லும்போது அது வேறு கதையாகிவிடுகிறது.

வியாபாரி பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு மட்டும்தான் ஆகியிருக்கிறது, கறி ஆகவில்லை. பரமதத்தனின் மனைவி புனிதவதி, பின்னாளில் அம்மையார் ஆனவள், ஒரு பழத்தை அவருக்குப் போட்டுவிடுகிறாள். மத்தியானம் சாப்பிட வந்த கணவன் மிச்சமிருந்த பழத்தைத் தின்று, ருசியில் மயங்கி, "இன்னொன்று கொண்டா" என்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை நினைக்கிறாள், கையில் ஒரு பழம் வந்து உட்காருகிறது. அதன் ருசியே வேறு. "இது ஏது?" என்கிறான். நடந்ததைச் சொல்கிறாள். "அப்படியானால் இன்னொன்று வரவழை." அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைந்துவிடுகிறது.

இந்த இடத்தில் என் பேத்தி கைதட்டுவாள். பரமதத்தன் நடுங்கிப்போனான். இவள் மனுஷி இல்லை, தெய்வம் என்று பயந்து, கப்பலேறிப் போய், கடைசியில் பாண்டிய நாட்டில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பேர் வைத்தான். தேடி வந்த முதல் மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தான். சேக்கிழார் பெரியபுராணத்தில் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு அதில் ஒன்று பிடிபட ரொம்ப நாளாயிற்று. பரமதத்தன் பயந்தபோது அவள் பேயே இல்லை. அழகான பெண்ணாகத்தான் இருந்தாள்.

அப்புறம்தான் அவள் சிவனிடம் பேயுருக் கேட்கிறாள். அவனுக்காகச் சுமந்த இந்த உடம்பு இனி எதற்கு என்று, சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றிவிட்டு எலும்பாக நிற்கிறாள். கயிலைக்குப் போகும் வழியில் பார்த்தவர்கள் அலறி ஓடினார்களாம். ஓடினவர்கள் எந்த வயசுக்காரர்கள் என்று சேக்கிழார் சொல்லவில்லை. எல்லாரும் பெரியவர்கள்தான் என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். அவளுக்கோ அதைப்பற்றிக் கவலையே இல்லை. கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையாலே நடந்து ஏறுகிறாள். இதைக் கேட்டபிறகு எங்கள் வீட்டுச் சுவர் முழுக்கச் சின்னக் கால்தடங்கள். மேலே உமையம்மை கேட்கிறாள், தலைகீழாக வருகிற இந்த எலும்புக்கூடு யார் என்று. நம்மைப் பேணுகிற அம்மா என்கிறார் சிவன். தாய் தகப்பன் இல்லாதவர் ஒரு பேயை அம்மா என்று கூப்பிட்ட கதை இது.

ஆனால் நான் இன்று சொல்ல வந்த பேய் அம்மையாரும் இல்லை. அவர் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் இன்னும் சில பேய்கள் இருக்கின்றன. ஒரு பேய் கள்ளிச்செடியின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, கொள்ளிக்கட்டையை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. பிறகு துள்ளிக் குதிக்கும்போது பிணத்தீ சுட்டுவிடுகிறது. கோபம் வந்து, புழுதியை அள்ளிப் போட்டு நெருப்பை அணைக்கப் பார்க்கிறது. சுட்ட அடுப்பை அடிக்கிற குழந்தையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

இன்னொன்று தாய்ப்பேய். அதற்கு ஒரு குட்டி. மண்டையோட்டு மாலை போட்டு, காளி என்று பேர் வைத்து, சீராக வளர்க்கிறது. மேலே ஒட்டிய புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு, எங்கேயோ போய்விடுகிறது. போன அம்மா திரும்பி வரக் காணோம். குட்டி அழுதழுது தூங்கிப்போகிறது. அந்தக் காட்டில்தான் சிவன் ஆடுகிறார்.

1945-இல் அமெரிக்காவில் காஸ்பர் என்றொரு குட்டிப் பேயைக் கார்ட்டூனில் கொண்டுவந்தார்கள். யாரும் சேர்த்துக்கொள்ளாத, சிநேகத்துக்கு ஏங்குகிற பேய். உலகமே அதைக் கொஞ்சியது. நம் காளிக்குட்டி அதற்கும் ஆயிரத்து நானூறு வருஷம் மூத்தது. யாராவது எடுத்துக் கொஞ்சினோமா? சுடுகாட்டுப் பாட்டு, குழந்தைக்கு ஆகாது என்று மூடி வைத்துவிட்டோம். அதில் பிணமும் நிணமும் உண்டு, மறுக்கவில்லை. தாய் எங்கோ போனதும் பிள்ளை அழுவதும் உண்டே. கடலுக்குப் போன அப்பா கரை திரும்பக் காத்திருக்கும் குப்பத்துப் பிள்ளைக்கு இது புரியாமல் போகுமா?

போன வாரம் இந்தக் கதையைச் சொன்னேன். பேத்தி பயப்படவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மாப் பேய் எப்ப வரும்?" என்றாள். பாட்டில் இல்லையே, நான் என்ன சொல்வேன்? பேச்சை மாற்ற, அம்மையாரின் செப்புச்சிலைப் படத்தைக் காட்டினேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது. எலும்பும் தோலுமாக உட்கார்ந்து, கையில் தாளம். கோயிலில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நின்றிருக்க, இவர் உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். திருவாலங்காட்டில் ஆடுகிறவர் காலடியில் உட்கார்ந்து இவர்தான் தாளம் போடுகிறார் என்றேன்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி தூங்குற காட்டுலயா?"

"அதே காட்டுலதான்."

"அப்போ இந்தப் பாட்டி தூக்கிக்கும்" என்று சொல்லிவிட்டு, அப்படியே என் மடியில் தூங்கிப்போனாள்.