கடலைக்காய் உண்ணும் உணவு



நிலக்கடலையைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தென்னார்க்காட்டுப் பக்கத்தில் இதனை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்ற பெயரே மக்கள் நாவில் அவ்வாறு தேய்ந்தது. தென் அமெரிக்காவில் தோன்றி, நம் செம்மண் நிலங்களைத் தன் சொந்த வீடாக்கிக்கொண்ட செடி இது.

1988ஆம் ஆண்டில் நான் அங்கே ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். "செடிக்கு வேண்டிய உப்புச் சத்துக்களையெல்லாம் வேரே உறிஞ்சி எல்லா உறுப்புகளுக்கும் அனுப்புகிறது" என்று பாடம் சொன்ன மறுநாள், ஒரு மாணவன் கை நிறையக் கடலைக்காய் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். உடைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை பொக்கு; ஓடு இருந்தது, பருப்பு இல்லை. "செடி பச்சைப்பசேல் என்று இருந்தது, ஐயா. வேர் ஏன் காய்க்கு மட்டும் அனுப்பவில்லை?" என்று கேட்டான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. சாம்பல்சத்து காயை நிரப்பும் என்று எங்கோ படித்திருந்தேன். "அடுத்த பட்டத்தில் பொட்டாஷ் உரத்தை இரண்டு மடங்காகப் போடச் சொல்" என்றேன். வாத்தியார் சொன்னார் என்பதற்காகவே அவனுடைய தந்தை கடன் வாங்கிப் போட்டார். மறு ஆண்டில் பொக்கு முன்னிலும் மிகுந்தது.

அதன் பிறகுதான் வேளாண்மை அலுவலர் ஒருவரிடம் சென்று மாணவனைப்போல உட்கார்ந்து கேட்டேன். அவர் முதலில் வேரைக் காட்டினார். அதில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினார்; உள்ளே இளஞ்சிவப்பு நிறம். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன; செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. இது நான் அறிந்த செய்தியே. ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் இதனை நிலைநாட்டினர் என்பதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நான் அறியாதது விழுதின் கதை.

கடலைப் பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். கருவுற்ற பின் அதன் அடியிலிருந்து ஊசிபோல் ஒரு விழுது நீண்டு, தன் நுனியில் சூலைச் சுமந்துகொண்டு பூமியை நோக்கி இறங்குகிறது. மண்ணுக்குள் புகுந்து, இருளில்தான் காயாகப் பருக்கிறது. மண்ணை எட்டாத விழுது காயாவதில்லை. களையெடுத்து மண் அணைப்பதன் பயன் இதுவே.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். சுண்ணாம்புச்சத்து செடிக்குள் தண்ணீரோடு தண்ணீராகவே மேலேறுகிறது. இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுவதால் அந்த ஓட்டம் இலைகளை நோக்கியே செல்கிறது. மண்ணுக்குள் புதைந்த காய் நீரை ஆவியாக்குவதில்லை. ஆகவே அந்தச் சத்து அதற்கு வந்து சேர்வதில்லை. இலையில் தங்கியதோ கீழே இறங்குவது அரிது. சர்க்கரையும் தழைச்சத்தும் இலையிலிருந்து காய்க்கு இறங்கிவரும். சுண்ணாம்புச்சத்தை மட்டும் விழுதும் இளங்காயுமே சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் அது குறைவு. அங்கே நான் போடச் சொன்ன பொட்டாஷ் மேல்மண்ணில் மிகுந்து, இருந்த சிறிதளவையும் காய் ஏற்கவொட்டாமல் போட்டியிட்டது!

கேட்டதோடு நிற்க என் மனம் ஒப்பவில்லை. பள்ளித் தோட்டத்தில் ஒரு செடியை நல்ல மண்ணில் வளர்த்து, இருபுறமும் கழுவிய மணல் நிரப்பிய தகர டப்பாக்களை வைத்தோம். விழுதுகளை அவற்றுக்குள் இறங்கவிட்டோம். ஒன்றில் ஜிப்சம் தூவினோம், மற்றதில் இல்லை. கிணற்று நீரில் சுண்ணாம்பு இருக்குமென்பதால், பிடித்து வைத்த மழை நீரையே டப்பாக்களில் தெளித்தோம். செடி ஒன்று, வேர் ஒன்று. ஆயினும் ஜிப்சம் தூவிய டப்பாவில் பருப்பு திரண்டது. மற்றதில் பெரும்பாலும் பொக்கே.

அந்தத் தந்தையை அழைத்து இரண்டையும் உடைத்துக் காட்டி, "நான் சொன்னது தவறு" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "பாதி நிலத்தில் போட்டுப் பார்க்கிறேன், ஐயா" என்றார் பிறகு. முழு நிலத்தையும் என் சொல்லுக்கு ஒப்படைக்க அவர் இனி ஆயத்தமாக இல்லை, அது நியாயந்தான். ஜிப்சத்தின் விலையைக் கொடுக்க முன்வந்தேன்; வாங்க மறுத்துவிட்டார். விதைத்த 40ஆம் நாளுக்கு மேல், ஏக்கருக்கு 160 கிலோ என்ற கணக்கில் செடியோரம் தூவி மண் அணைத்தார்.

அறுவடை முடிந்து காய் உலர்ந்ததும் பையன் இரண்டு துணிப்பைகளைக் கொண்டுவந்தான். இரண்டிலும் ஒரே படியால் அளந்த காய். எது எந்தப் பாதி என்று அவன் சொல்லவில்லை. கைக்கொன்றாகத் தூக்கினேன், அவிழ்த்துப் பார்க்கத் தேவை ஏற்படவில்லை.