விளக்கு எரிந்தால் மூடியைப் பாருங்கள்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

வத்தலக்குண்டிலிருந்து மலையேறி, 2,000 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலுக்கு வரும்போது காற்றழுத்தம் குறைகிறது. டேங்கில் பெட்ரோல் ஆவி பெருகுகிறது. அந்த ஆவியைக் கரி நிரப்பிய கேனிஸ்டர் பிடித்துவைத்து, பர்ஜ் வால்வு வழியாக இன்ஜினுக்கு அனுப்பும், அங்கே எரிந்துவிடும்.

இன்ஜின் விளக்கு எரிந்தால், மெக்கானிக் ஸ்கேனரில் அழிக்கும் முன் குறியீட்டை எழுதி வாங்குங்கள். பி0455 பெரிய கசிவு. பி0443 பர்ஜ் வால்வின் மின்சுற்று. முதலில் டேங்க் மூடியின் ரப்பர் வளையம், அடுத்து ஹோஸ், பிறகே வால்வு. பங்கில் தானாக நின்றபின் மேலும் நிரப்பாதீர்கள். கரி நனைந்து கெடும்.

பல பழைய கார்களில் கசிவைச் சோதிக்கும் வசதியே இல்லை. ஆகவே, பார்க்கிங்கில் பெட்ரோல் வாசனை வந்தால் விளக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல் உடனே காவலாளியிடம் சொல்லுங்கள். ஒரு தீப்பொறி போதும்.