ஆவிற்கு இடும் ஊசியும் ஏழு நாள் பாலும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையின் இருமருங்கும் இன்று ஆலைகள் நிற்கின்றன. 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதுமுதல் இப்பகுதியின் முகம் மாறிவிட்டது. 2024 ஆகஸ்டு திங்களில் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கும் மாபெரும் விடுதி திறக்கப்பட்டது. ஆலைகளுக்கு இடையே எஞ்சிய சிற்றூர்களில் இரண்டு பசு, நான்கு ஆடு வைத்துப் பிழைப்போர் இன்றும் உளர். அவர்களுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று; பால் வேண்டுவோரோ பெருகினர்.

இத்தகைய வீட்டில் ஒரு பசுவுக்கு மடிநோய் வந்தால் நிகழ்வது யாது? மடியின் ஒரு காம்பு வீங்கிச் சூடேறுகிறது. பால் திரிதிரியாக வருகிறது. ஒரு நாள் பால் நின்றால் ஒரு நாள் வருமானம் நிற்கும். ஆகவே மருத்துவரை எதிர்நோக்கும் பொறுமையின்றி, மருந்துக்கடையில் ஒரு குப்பி வாங்கி, ஊசி போடத் தெரிந்த எவரையேனும் அழைத்துப் போட்டுவிடுகின்றனர். மறுநாள் வீக்கம் சற்று வடிந்தால் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். மாலையிலேயே அப்பால் கேனில் கலக்கிறது.

நுண்ணுயிர்க்கொல்லி ஊசி வேண்டாத ஒன்றன்று. தொண்டை அடைப்பான் கண்ட மாடு ஓரிரு நாளில் மாண்டுபோகும். உரிய நேரத்தில் இடப்படும் ஊசியே அதன் உயிரைக் காக்கும். வாய்வழி மருந்து கொடுக்கலாகாதா என்னும் வினா எழலாம். அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து வைக்கோலையும் புல்லையும் செரிக்கச் செய்கின்றன. வளர்ந்த மாட்டிற்கு அம்மருந்தை வாய்வழி புகட்டினால் அவையும் மடிந்து, மாடு தீனியைத் துறந்துவிடும். தசையிலோ நாளத்திலோ மருந்தைச் செலுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம். மருந்து நுண்ணுயிரை அழிப்பதால் அது தகுமா என வினவுவோர் இவ்வவையில் இருக்கக்கூடும். அதனை அறநூல் வல்லார் ஆராயட்டும். நோயே இல்லாத இடத்தில், அல்லது பயனே தராத நோய்க்கு இடப்படும் ஊசியை எவ்வழி நோக்கினும் நியாயப்படுத்த இயலாது.

பயன் தராத ஊசிகள் பல உள. கோமாரியும் தோல் கழலை நோயும் வைரஸால் வருவன. நுண்ணுயிர்க்கொல்லி அவற்றைத் தொடாது. புண்ணில் பாக்டீரியா சேர்ந்திருப்பின் மருத்துவர் அதற்கென மருந்து எழுதுவார், அது வேறு. மடிநோயிலும் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைத் தூய குழாயில் எடுத்த பாலைச் சோதித்தே துணிய முடியும். முதல் ஊசிக்கு முன்னரே அப்பாலை எடுத்துவிட வேண்டும். இப்பகுதிக்கு அருகிலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அறிவு தொலைவில் இல்லை.

உடல் எடைக்கேற்ற அளவும் உரிய நாள்களும் தவறினால், வலிய கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். குறைந்த அளவால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார். மனிதருக்குக் கடைசிப் புகலாக விளங்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்குரிய விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்ததும் இவ்வச்சத்தினாலேயே.

இனிப் பாலைக் குறித்து. ஊசி இட்ட மாட்டின் பாலில் மருந்து சில நாள் தங்கும். காய்ச்சினாலும் முழுதும் நீங்காது. இதனை வீட்டுப் பெண்டிர் வேறொரு வகையில் அறிவர்: அத்தகைய பாலில் உறை ஊற்றினால் தயிர் சரிவரத் தோயாது. தயிராக்கும் நுண்ணுயிரை அம்மருந்து ஒடுக்கிவிடுவதே காரணம். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அப்பால் தீங்கு விளைக்கவும் கூடும். மருந்து உறையில் காத்திருப்புக் காலம் குறிக்கப்பட வேண்டும் என்றும், தனியே குறிக்கப்படாத இடத்துப் பாலுக்குக் குறைந்தது 7 நாளும் இறைச்சிக்கு 28 நாளும் கொள்ள வேண்டும் என்றும் 2012இல் மத்திய அரசு விதி வகுத்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் ஆய்ந்த 6,432 பால் மாதிரிகளில் 77இல் மருந்தெச்சம் வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கை சிறிதே, ஆயினும் பல வீட்டுப் பால் ஒன்றாகும் கேனில் ஒரு மாட்டின் பாலே போதும்.

விதி இருந்தும் ஏன் பின்பற்றப்படுவதில்லை? கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு விளங்கும். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 4 நாள் மருந்து, பின் 7 நாள் காத்திருப்பு எனில் 11 நாளில் 88 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் எனக் கொண்டால் 3,080 ரூபாய். நகரத்தார் உடல்நலத்திற்காக இத்தொகையைத் தனியொரு ஏழைக் குடும்பம் ஏற்க வேண்டும் என்பது கடினமான எதிர்பார்ப்பே. அப்பாலைக் கன்றுக்கு ஊட்டலாம் எனச் சிலர் கருதுவர். கன்றின் குடலிலும் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் வளரும் என்பதால் அதுவும் தகாது.

ஔடத தானம் செய்ய விழையும் அறக்கட்டளைகள் இவ்விடத்தில்தான் நின்று எண்ண வேண்டும். குப்பிகளைப் பெட்டி பெட்டியாகக் கோசாலைக்கு அளிப்பது எளிது. விற்காது விட்ட பாலின் விலையில் ஒரு பகுதியை உழவருக்கு ஈடு செய்வது அரிது. ஆயினும் கேனைத் தூயதாக வைப்பது அதுவே. பால் சோதனைச் செலவும் மருத்துவர் வருகைச் செலவும் ஊசி மருந்தைவிட மேலான கொடையாகும்.

ஊசியே வேண்டாத நிலையை உண்டாக்கவும் வழியுண்டு. கறந்தபின் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்தல், ஈரமற்ற தரை, கறந்ததும் தீனியிட்டு அரைமணி நேரம் மாட்டை நிற்க வைத்தல் ஆகியன மடிநோயைப் பெரிதும் தடுக்கும். கறந்த காம்பின் துளை மூடச் சிறிது நேரம் ஆகும் அன்றோ? சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் முறையைப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பரப்பினார்; தேசியப் பால்வள வாரியமும் அதனை எடுத்துக்கொண்டது. தொடக்க நிலையில் அது கைகொடுக்கும். காய்ச்சல் கண்டு மாடு தீனி மறுத்தால் அரைப்பதில் நேரம் கழிக்கலாகாது. 1962 என்னும் எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

ஒவ்வொரு கோசாலையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்: மாட்டின் அடையாளம், மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசி இட்ட நாள், பால் மீண்டும் கேனில் சேரலாகும் நாள். கடைசி இரண்டையும் சிவப்பு மையில் எழுதி, கறப்பவர் கண்ணில் படும் தூணில் மாட்டி வைக்க வேண்டும்.