இளைய நிலாவும் வலது கையும்

கிட்டார் வாங்கிய மறுநாள் நாலு கார்டு, மறுவாரம் நாற்பது பாட்டு என்று ஆசை காட்டும் வகுப்புகளுக்கு இப்போது பஞ்சமே இல்லை. ஜி, டி, ஈ மைனர், சி. இந்த நாலும் கைக்கு வந்துவிட்டால், மேலும் கீழுமாக ஸ்ட்ரம் பண்ணிக்கொண்டே எதையும் பாடிவிடலாமாம். பாடலாம்தான். பிறந்தநாள் விழாவில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பாடுவதை நிறுத்திவிட்டுக் கிட்டாரை மட்டும் வாசிக்கச் சொன்னால், அது என்ன பாட்டு என்று பக்கத்து அறையில் இருப்பவருக்குப் பிடிபடாது.

கிட்டார் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளுகிற ஒருவரின் உரை இது. ஆகவே நடுநிலையை நேயர்கள் எதிர்பார்க்க வேண்டாம். உரையாளரின் கட்சி ஒன்றுதான்: தெரிந்த பாட்டில் தொடங்க வேண்டும், வலது கையில் தொடங்க வேண்டும்.

தெரிந்த பாட்டு எதற்கு? வீணை கற்பவருக்குச் சரளி வரிசை, ஜண்டை வரிசை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து தவறினால் திருத்த ஆசிரியரும் உண்டு. கிட்டார் கற்பவர்களில் பாதிப்பேர் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறார்கள். அவர்களுக்கு வாத்தியார் அவர்களுடைய காதுதான். காதில் ஊறிய பாட்டாக இருந்தால் ஒரு சுரம் பிசகினாலும் முகம் தானாகச் சுளிக்கும். கேட்டறியாத பயிற்சிப் பாடத்தில் அந்தச் சுளிப்பு வருவதில்லை.

தேசிய கீதத்தையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட வாசலை மிதித்த எல்லாருக்கும் தெரிந்த மெட்டு. இரண்டாவது கம்பியில் முதல் ஃப்ரெட், அதே கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், பிறகு முதல் கம்பியை அழுத்தாமல் அப்படியே, கடைசியாக அதே கம்பியில் முதல் ஃப்ரெட். இந்த நாலு இடங்களுக்குள் முதல் வரி முடிந்துவிடும். இடது கைக்கு இரண்டு விரல் போதும். கார்டு என்ற பேச்சே இன்னும் வரவில்லை, ஆனால் ஒரு மெட்டு வந்துவிட்டது. ஒரு தலைமுறைக்கு முன் இந்த இடத்தில் 1961-இல் வந்த ‘கம் செப்டம்பர்’ படத்தின் இசை இருந்தது. கல்யாண பேண்டுக்காரர்கள் வரை அதைப் பிடித்துக்கொண்டார்கள். லைட் மியூசிக் மேடையில் கிட்டார்காரர் கை சூடேற்றிக்கொள்ளவும் அதுவே உதவியது.

உரையாளரின் வகுப்புக்கு ஒரு கல்லூரி மாணவர் வந்தார். கையில் தாள் கட்டு. ஒவ்வொரு தாளிலும் பாட்டு வரி, வரிக்கு மேலே கார்டின் பெயர். எங்கே கார்டு மாறுகிறது என்று கேட்டால் தாளைப் பார்த்துச் சொன்னார். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாடிக்கொண்டே மாறுகிற இடத்தில் மட்டும் தொடையில் தட்டச் சொன்னதும் சிரித்தார். நாலு வரி பாடுவதற்குள் எல்லா இடத்திலும் சரியாகத் தட்டினார். விஷயம் அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது; தாள்தான் மறைத்துக்கொண்டிருந்தது.

இனி உரையாளருக்குப் பிடித்த இடம். நேரம் முழுக்க இங்கேயே போனாலும் அவருக்கு வருத்தமில்லை.

1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. வைரமுத்து எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டு. கேட்காத நேயர் இருக்க மாட்டார். ஆனால் அதில் கிட்டார் வாசித்தவர் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். அவர் ஆர். சந்திரசேகர். இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே கிட்டார் பேசத் தொடங்கிவிடுகிறது. கவனித்துக் கேட்டால் அங்கே கார்டு மொத்தமாக வந்து விழுவதில்லை. கட்டைவிரல் கீழ்ச்சுரத்தைப் போடுகிறது. மற்ற விரல்கள் அதே கார்டைச் சுரம் சுரமாகப் பிரித்து உதிர்க்கின்றன. ஆர்ப்பெஜியோ என்கிறார்களே, அதுதான். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்திலும் இந்த ஓட்டம் நிற்பதில்லை.

இது தற்செயலாக வந்ததல்ல. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். 1976-இல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கிட்டார் வாசித்தவர். கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்ட்ரம்மிங் அபூர்வம். அங்கே எல்லாம் விரல் வேலை. இசையமைத்தவருக்கும் வாசித்தவருக்கும் வலது கையின் அருமை தெரிந்திருந்ததால்தான் அந்தப் பாட்டு அப்படி அமைந்தது.

அடுத்த ஆண்டே இந்த மெட்டு ‘கலாகார்’ படத்தில் கிஷோர் குமார் குரலில் ‘நீலே நீலே அம்பர் பர்’ ஆகி இந்திக்குப் போனது. அங்கே இசை கல்யாண்ஜி ஆனந்த்ஜி. ஒரு மெட்டை வைத்து இரண்டு மொழிக்காரர்கள் கிட்டார் பழகலாம். அப்படிப் பழகவும் செய்கிறார்கள்.

சரி, அந்த ஓட்டத்தைக் கைக்குக் கொண்டுவருவது எப்படி? இடது கையை மடியில் வைத்துவிட வேண்டும். ஆமாம், மடியில். கட்டைவிரலுக்கு ஆறு, ஐந்து, நாலு என்று தடித்த கம்பிகள். ஆள்காட்டி விரலுக்கு மூன்றாவது, நடுவிரலுக்கு இரண்டாவது, மோதிர விரலுக்கு முதல் கம்பி. சுண்டுவிரலுக்கு விடுமுறை. கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிரம், திரும்பி நடு, ஆள்காட்டி. இது ஆறு தட்டு. எட்டாக வேண்டுமென்றால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் கடைசியில் இன்னொரு முறை கூட்டிக்கொள்ளலாம். மெட்ரோனோமை அறுபதில் வைத்து, எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும்வரை இதுதான் பாடம். மோதிர விரல்தான் சண்டித்தனம் பண்ணும். அதன் சத்தம் மட்டும் மெலிந்து கேட்கும். பத்து பேரில் ஒன்பது பேருக்கு இப்படித்தான்.

பிறகு இடது கை. ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையை முழுக்க எடுத்துவிட்டு, சி-யைப் புதிதாகப் பிடிக்கிறவர்களே அதிகம். தேவையே இல்லை. இரண்டாவது கம்பியில் இருக்கும் ஆள்காட்டி விரலும் நாலாவது கம்பியில் இருக்கும் நடுவிரலும் அப்படியே இருக்கட்டும். மூன்றாவது கம்பியில் இருக்கும் மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் போனால் சி வந்துவிடும். ஒரே ஒரு விரல்தான் இடம் மாறுகிறது. இந்த ஒரு மாற்றத்தைக் காட்டியதும் கற்பவர்கள் முகம் மலர்வதை உரையாளர் பலமுறை பார்த்திருக்கிறார். விரலை ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் கம்பி இரையும், வலியும் கூடும்.

எஃப் கார்டில்தான் பலர் கிட்டாரைப் பரணில் ஏற்றுகிறார்கள். ஒரு விரலால் ஆறு கம்பியையும் அழுத்துவது ஆரம்பத்தில் வராது, வரவும் வேண்டாம். நாலு கம்பியோடு, முதல் கம்பியை அழுத்தாமல் விட்டு வாசித்தால் எஃப் மேஜர் செவன். பாட்டு அதிலேயே ஓடும். ஆள்காட்டி விரலுக்குப் பலம் வந்த பிறகு பார் கார்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேப்போவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பாடகரின் சுருதிக்குத் தக்க கிட்டாரை உயர்த்தித் தரும் நல்ல கருவி. ஆனால் தெரிந்த நாலு கார்டை விட்டு நகராமல் இருப்பதற்கென்றே அதை மாட்டிக்கொள்வது இன்றைய மோஸ்தர். உரையாளருக்கு அது பிடிக்காது.

நாலு கார்டுக்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம் பாட்டுகளில் பல ராகத்தில் பிறந்தவை. கமகம் ஃப்ரெட்டுக்கு அடங்காது. ஆர். பிரசன்னா கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார். கம்பியை இழுத்தும் சறுக்கியும்தான் கமகத்தைக் கொண்டுவருகிறார். அது வேறு படிப்பு, ஆரம்பப் பாடமல்ல. ஆனாலும் தன் கிட்டாருக்குள் அதுவும் இருக்கிறது என்று கற்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

வலது கை, மறுபடியும் வலது கை. கிளாசிக்கல் கிட்டார் கற்பவர்கள் பழகும் ‘ரொமான்ஸ்’ என்ற ஸ்பானியத் துண்டில் மோதிரம், நடு, ஆள்காட்டி என்று மூன்று விரல்களும் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே வரிசையில் போகும். மெட்டு முழுக்க முதல் கம்பியில். ‘இளைய நிலா’ பழகிய கைக்கு அது எட்டும் தூரம்தான். அதற்கும் முன்னால் 1980-இல் வந்த ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’யை ஒரு முறை முயன்று பார்க்கலாம். யேசுதாஸ் குரலை ஒதுக்கிவிட்டு அடியில் ஓடும் கிட்டாரை மட்டும் ஹெட்போனில் கேட்டு, முதலில் கட்டைவிரல் போடும் சுரங்களை மட்டும் கண்டுபிடித்து எழுதிக்கொள்ள வேண்டும். மேல் கம்பிகளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை கேப்போ பெட்டியிலேயே இருக்கட்டும்.