இரண்டாம் முறை வந்த கிழவர்



இன்று ஒரு திரைப்படத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். பாடத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பற்றிப் பேச ஓர் ஆசிரியரா என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். என் பேச்சில் பாதிதான் படத்தைப் பற்றியது. மீதிப் பாதி, அதைப் பார்த்தவர்கள் சொன்னதைப் பற்றியது.

2024-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று ‘இந்தியன் 2’ வெளிவந்தது. சில நாட்கள் கழித்து நான் கெங்கவல்லியிலிருந்து ஆத்தூருக்குப் போய் அதைப் பார்த்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் உடன் வந்தான். கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவன். அவன் தந்தையும் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர்தாம். படம் முடிந்து இரவுப் பேருந்தில் ஏறினால், பாதி வண்டி அதே கொட்டகையிலிருந்து வந்த கூட்டம். கேட்கவும் வேண்டுமா? வழியெல்லாம் விவாதந்தான்.

மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். அந்தக் குறை எங்கள் வண்டியில் மட்டும் எழுந்தது அன்று. வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 12 நிமிடக் காட்சிகளைப் படக்குழுவினரே குறைத்தார்கள். சுதந்திரப் போரில் ஈடுபட்டவருக்கு இப்போது நூறு வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டுமே, அவர் எப்படி இத்தனை பேரை அடித்து வீழ்த்துகிறார் என்று கணக்குப் போட்டார் மற்றொருவர். பழைய படத்தின் பாட்டு இதில் இல்லை என்று வருந்தினார் நடத்துநர். முதற்படத்துக்கு இசை ஏ. ஆர். ரகுமான், இதற்கு அனிருத். கிழவர் எந்நேரமும் புத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்பது இளைஞர்களின் ஒருமித்த குரல். முன்னிருக்கையில் கூடையோடு அமர்ந்திருந்த அம்மாள் ஒருவர் மட்டும் வேறொன்று சொன்னார்: “பெத்தவனப் புடிச்சுக் குடுக்கற புள்ள எந்த ஊட்டுல இருக்குதுங்க?”

வண்டியில் சிரிப்பு எழுந்தது. என் அருகிலிருந்த பையன் மட்டும் சிரிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் கேட்டது விளங்க வேண்டுமானால் இரண்டு கதைகளையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1996-இல் ஷங்கர் இயக்கிய ‘இந்தியன்’ படத்தில், நேதாஜியின் படையிலிருந்த சேனாபதி என்ற முதியவர் லஞ்சம் வாங்குவோரை வர்மக் கலையால் முடக்கிக் கத்தியால் குத்துகிறார். தீப்பட்டு உயிருக்குப் போராடிய மகளுக்குச் சிகிச்சை செய்ய மருத்துவர் லஞ்சம் கேட்டார், இவர் கொடுக்க மறுத்தார், மகள் இறந்தாள். பிறகு சொந்த மகன் சந்துருவே கையூட்டு வாங்கிக்கொண்டு பழுதான பேருந்துக்குத் தகுதிச் சான்று தர, அந்தப் பேருந்தில் போன பள்ளிக் குழந்தைகள் மாண்டார்கள். தாயும் மற்றவர்களும் கெஞ்சியும் கேளாமல் அந்த மகனையும் கிழவர் கொன்றார். தந்தை, மகன் இருவராகவும் நடித்த கமல்ஹாசனுக்கு அவ்வாண்டின் தேசிய விருது கிடைத்தது.

28 ஆண்டுகளுக்குப் பின் வந்த இரண்டாம் படத்தில் கிழவர் தைவானில் இருக்கிறார். இங்குள்ள இளைஞர்கள் இணையத்தில் கூவி அழைக்கிறார்கள்; அவரும் வருகிறார். வந்தவர், அவரவர் வீட்டை அவரவரே முதலில் துப்புரவு செய்யுங்கள் என்று பணிக்கிறார். இளைஞர்கள் தம் உறவினரையே காட்டிக் கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவனின் தந்தை ஊழலைத் தடுக்கும் துறையிலேயே பணிபுரிபவர். அவர் சிறைக்குப் போகிறார், அவமானம் தாங்காத தாய் உயிர் விடுகிறாள். உடனே, வா வா என்று அழைத்த அதே கூட்டம், போ போ என்று கிழவரைத் துரத்துகிறது.

கொட்டகைக்கு வெளியே நடந்ததும் அதுதானே? வந்தவரைத் திரும்பிப் போகச் சொன்னோம். படத்துக்குள் இருந்த மக்கள் சொன்னதையே படம் பார்த்த மக்களும் சொன்னார்கள். படத்தில் குறைகள் உண்டு. அவற்றை நான் மறைக்கவில்லை. பொன்னாலான மாளிகையில் வாழும் செல்வனைக் காட்டினால் நமக்கு என்ன வந்தது? முதற்படத்தில் வந்த மருத்துவமனையையும் சான்றிதழ் அலுவலகத்தையும் நாம் அறிவோம். பொன் மாளிகையை அறியோம். இன்னும் பெரிய குறை ஒன்று உண்டு. முதற்படத்தில் நீதியின் விலையைக் கிழவரே கொடுத்தார்: மகள், பிறகு மகன். இரண்டாம் படத்தில் சொல்பவர் அவர், விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள். அவர் கைகளில் இழக்க ஒன்றுமில்லை. புத்தி சொல்கிறார் என்று இளைஞர்கள் முறையிட்டதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சட்டத்துக்கு வெளியே நின்று நீதி செய்பவன் நம் திரைக்குப் புதியவன் அல்லன். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய ‘மலைக்கள்ளன்’ 1954-இல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் படமாயிற்று. எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. சிங்களம் உட்பட ஆறு மொழிகளில் அக்கதை எடுக்கப்பட்டது. காந்தியடிகளைப் போற்றிய கவிஞரே ஒரு கள்ளனைக் கதைத் தலைவனாக்கினார் என்பதை நினைத்து நான் வியந்ததுண்டு. அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. பிரையன் கார்ஃபீல்டு 1972-இல் எழுதிய ‘டெத் விஷ்’ என்ற நாவல் 1974-இல் படமாக வந்தபோது, தாம் கண்டித்த கொலைகாரனைப் படம் வீரனாக்கிவிட்டதே என்று ஆசிரியர் மனம் நொந்தார். அதற்குக் கழுவாய்போல மற்றொரு நாவலும் எழுதினார். படக்காரர்கள் 1982-இல் இரண்டாம் பாகம் எடுத்தபோது அந்த நாவலைத் தொடவேயில்லை.

இனி என் கதை. 1996-இல் ‘இந்தியன்’ படத்தையும் நான் ஆத்தூரில்தான் பார்த்தேன். கத்தி இறங்கிய ஒவ்வொரு முறையும் கை சிவக்கத் தட்டினேன். அதே வாரம், என் தந்தை விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். விண்ணப்பத்துக்கு அடியில் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை வைத்து நீட்டினேன். அந்த எழுத்தர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்கிறாரா என்று பார்க்க எனக்குத்தான் பொறுமை இல்லை. அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். என்னைப் போலவே கைதட்டியும் இருக்கலாம்.

இதைப் பேருந்தில் பையனிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “கிழவர் வராவிட்டால் வேறு வழி என்ன ஐயா?” என்றான். வேதியியல் மாணவனாயிற்றே என்று அவன் பாடத்திலிருந்தே விடை சொன்னேன்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1964-இல் ஓர் இயக்ககம் ஏற்பட்டது. ஒருவர் லஞ்சம் கேட்கிறார் என்று புகார் கொடுத்தால், கொடுக்க வேண்டிய தாள்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின்மேல் பினால்ப்தலின் பொடியைத் தூவுவார்கள். வெள்ளைப் பொடி, விரலில் ஒட்டினால் எளிதில் தெரியாது. பணம் கைமாறியதும், சாட்சிகள் முன்னிலையில், வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவச் செய்வார்கள். நீர் இளஞ்சிவப்பாக மாறும். அதைப் புட்டியில் ஊற்றி முத்திரையிட்டு வழக்குமன்றத்துக்கு அனுப்புவார்கள். வர்மமும் இல்லை, கத்தியும் இல்லை; வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். இதைப் படமெடுத்தால் ஒருவரும் கைதட்ட மாட்டார்கள். கிழவர் கத்தியை எடுத்தபோது எதிரிலிருப்பவன் வாங்கினானா இல்லையா என்று யாரும் சோதிக்கவில்லை. இங்கே ஒரு குவளை நீர் நிறம் மாறினால்தான் அடுத்த படி.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டதையும் சொன்னேன். அதன்படி கொடுப்பவனும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாட்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும்.

“உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?” என்றான்.

“இல்லை.”

“பட்டா வந்ததா ஐயா?”

“நான்காம் நாளே வந்தது.” அந்த நிலத்தில் அப்போதும் மரவள்ளிதான், இப்போதும் மரவள்ளிதான்.

கெங்கவல்லியில் இறங்கியபோது அவன் தந்தை மோட்டார் வண்டியோடு காத்திருந்தார். அவரும் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மகனைப் பார்த்துப் படம் எப்படி என்று கேட்டார். பையன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு பின்னிருக்கையில் ஏறிக்கொண்டு,

“நீளம் கொஞ்சம் அதிகம் அப்பா” என்றான்.