வண்டி எண்ணெயும் வரவு செலவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக் முன்னாடி நிற்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு வந்தா பொறுத்துக்கோங்க.

கோழி வளர்ப்பு, ஊறுகாய்னு ஒவ்வொருத்தரும் பேசினாங்க. நான் பேசப் போறது கார் இன்ஜினுக்கு ஊத்துற ஆயிலைப் பத்தி. சிரிக்காதீங்க. அந்த ஆயில்தான் எங்க குடும்பத்தை ஒன்றரை வருஷம் பின்னாடி தள்ளுச்சு.

எங்க குழு மூலமா வாங்கின கடன்ல ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு பழைய மாருதி ஆம்னி ஒண்ணு வாங்கினோம். காலையில பள்ளிக்கூடப் பிள்ளைகள், மத்தியானத்துக்கு மேல முருங்கைக்காயும் தக்காளியும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு. ஓட்டுறது எங்க வீட்டுக்காரர். பெட்ரோல், டயர் எல்லாம் அவர் பாடு, கடன் தவணை என் பாடுன்னு பிரிச்சுக்கிட்டோம். அப்படிப் பிரிச்சதுதான் முதல் தப்பு.

ஒரு நாள் ராத்திரி பழனியில இருந்து திரும்பி வர்றோம். ஸ்டியரிங்குக்கு முன்னாடி சிவப்பா ஒரு விளக்கு எரிஞ்சுது. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவோமே, மூக்கு வச்ச கேன், அந்தப் படம்தான் அதுல இருக்கும். "இது என்னங்க?"ன்னு கேட்டேன். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம், இன்னும் ஏழு கிலோமீட்டர்தானே"ன்னார். நாலாவது கிலோமீட்டர்ல உரல்ல இடிக்கிற மாதிரி சத்தம். அடுத்த வளைவுல வண்டி நின்னுச்சு. அப்புறம் கிளம்பவே இல்லை.

கட்டி இழுத்துக்கிட்டு வந்து மறுநாள் மெக்கானிக் அண்ணன் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். நுனியில மட்டும் கறுப்பா ஒட்டியிருந்துச்சு. இன்ஜினை இறக்கி வேலை பார்க்க 42,000 ரூபாய். என் தோடு அடகுக்குப் போச்சு. மூணு தவணை கட்ட முடியல. நான் கட்டலைன்னா மத்தவங்களுக்கு வரவேண்டிய கடனும் நிக்கும்னு உங்களுக்குத் தெரியும். குழு சேமிப்புல இருந்து எடுத்துக் கட்டினாங்க. அந்தக் கூட்டத்துல ஒரு அக்கா, "வண்டிக்கு எண்ணெய் பார்க்கத் தெரியாதவளுக்கு எதுக்கு லட்ச ரூபா கடன்?"னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா கேள்வி சரிதான். கையெழுத்துப் போட்டது நான். பார்க்கத் தெரியாமல் இருந்ததும் நான்தான்.

அந்த விளக்கைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். ஆயில் குறையுதுன்னு முன்கூட்டியே சொல்ற விளக்குன்னு நாங்க நினைச்சிருந்தோம். அது ஆயில் அளவைச் சொல்ற விளக்கு இல்லை. இன்ஜினுக்குள்ள ஆயிலைத் தள்ளுற அழுத்தம் விழுந்துடுச்சுன்னு சொல்ற விளக்கு. அது எரியும்போது உள்ளே இரும்பும் இரும்பும் உரச ஆரம்பிச்சிருக்கும். ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைக்கிறது ஒண்ணுதான் வழி. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. சாவி திருப்பினதும் அந்த விளக்கு எரிஞ்சு, இன்ஜின் கிளம்பினதும் அணையணும். சாவி திருப்பும்போது எரியவே இல்லைன்னா விளக்கே கெட்டுப்போயிருக்கலாம். அதையும் சரி பண்ணணும்.

அப்போ முன்கூட்டியே எது சொல்லும்? குச்சிதான் சொல்லும். நான் கத்துக்கணும்னு போனப்போ அந்த மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்த்தே பேசல, எங்க வீட்டுக்காரரைப் பார்த்துதான் பேசினார். அவர்கிட்ட வேலை பார்த்த வயசான ஹெல்பர் ஐயாதான், "வாம்மா, இதுல என்ன இருக்கு"ன்னு சொல்லிக் கொடுத்தார்.

வண்டி சமதரையில நிக்கணும். மேடு பள்ளத்துல நின்னா குச்சி பொய் சொல்லும். இன்ஜினை அணைச்சு பத்து நிமிஷமாவது ஆகணும். எண்ணெய் டின்னைக் கவுத்து வச்சா கடைசிச் சொட்டு இறங்க நேரம் ஆகும் இல்லையா, அதே மாதிரி மேலே ஏறின ஆயில் எல்லாம் கீழே இறங்கணும். ஆம்னியில முன் சீட்டைத் தூக்கினாத்தான் இன்ஜின் தெரியும். சூடா இருக்கும், சேலைத் தலைப்பைச் செருகிக்கோங்க. மத்த கார்ல முன்னாடி மூடியைத் திறக்கணும். குச்சியோட வளையம் பெரும்பாலும் மஞ்சள் நிறத்துல இருக்கும். உருவி, பஞ்சு பறக்காத துணியால துடைச்சு, திரும்ப முழுசா உள்ளே விட்டு, மறுபடி உருவணும். முதல் தடவை உருவினதைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது, அதுல ஆயில் கண்டபடி பூசியிருக்கும். இரண்டாவது தடவை வர்றதுதான் கணக்கு.

குச்சியில மேல ஒரு குறி, கீழ ஒரு குறி. ஆயில் ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும், மேல் குறிக்குப் பக்கத்துல இருந்தா நல்லது. பெரும்பாலான கார்ல அந்த ரெண்டு குறிக்கும் இடையில ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ் குறிக்கு வந்துட்டா ஊத்தணும். அதுவும் கால் லிட்டர் ஊத்தி, கொஞ்சம் பொறுத்து, திரும்பக் குச்சி விட்டுப் பார்த்து, அப்புறம் கால் லிட்டர். என்ன ஆயில், என்ன நம்பர்ங்கிறது வண்டியோட புத்தகத்துல போட்டிருக்கும். கடைக்காரர் கையில இருக்கிறதை ஊத்திக்கக் கூடாது.

நிறைய ஊத்தினா நல்லதுதானேன்னு கேட்பீங்க. எங்க வீட்டுக்காரர் அப்படித்தான், ஒரு தடவை சூடுபட்ட பயத்துல குறிக்கு மேலேயே ஊத்திட்டார். உள்ளே சுத்துற தண்டு ஆயில்ல முங்கி, மத்து தயிர் கடையற மாதிரி கடைஞ்சு நுரை கட்டிடும். நுரை இரும்பைக் காப்பாத்தாது. பின்னாடி புகை வர ஆரம்பிச்சுது. கீழே போல்ட்டைத் திறந்து கொஞ்சம் வடிச்ச பிறகுதான் சரியாச்சு. அன்னைக்கு அவருக்குக் கோபம். எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்து, குழு தீர்மான நோட்டு மாதிரி ஒரு நோட்டுல எழுதி வைப்பேன். தேதி, ஓடின கிலோமீட்டர், குச்சியில எங்க நிக்குது, நிறம் என்ன. முதல் மூணு வாரம் மேல் குறி. நாலாவது வாரம் பாதி. எங்கே போச்சு? ராத்திரி வண்டிக்கு அடியில பழைய அட்டைப் பெட்டியைப் பிரிச்சுப் போட்டு வச்சேன். காலையில அட்டையில ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பு. கீழ் போல்ட்டுல வாஷர் தேஞ்சிருந்துச்சு. மாத்த இருபது ரூபா. அந்த நாற்பத்திரண்டாயிரமும் இப்படித்தான் சொட்டுச் சொட்டாப் போயிருக்கும்னு தோணுச்சு.

நிறத்தையும் எழுதணும்னு சொன்னேன். பெட்ரோல் வண்டிக்குப் புதுசா ஊத்தின ஆயில் தேன் நிறத்துல இருக்கும். டவுன்ல ஒரு இடத்துல சர்வீஸ் விட்டு, ஆயில் மாத்தினதாப் பில்லும் கொடுத்தாங்க. அங்கேயே குச்சியை உருவினேன். கறுப்பு. "பழசு கொஞ்சம் கலந்திருக்கும்மா"ன்னாங்க. நோட்டை எடுத்துக் காட்டினேன். பேசாம வண்டியைத் திரும்ப உள்ளே விட்டாங்க. டீசல் வண்டியில மட்டும் இதை வச்சுச் சண்டைக்குப் போகாதீங்க, அதுல புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துடும். ஆனா எந்த வண்டியா இருந்தாலும் குச்சியில பால் காப்பி மாதிரி நிறம் வந்தா உள்ளே தண்ணி கலந்திருக்கலாம், ஓட்டாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

எங்க பழைய வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாத்தறோம். புதுக் கார் பலதுல 10,000 இல்லேன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னு இருக்கும். வடிச்ச ஆயிலை முன்னெல்லாம் வரப்போரம் ஊத்திடுவார். அந்த இடத்துல புல்லும் முளைக்கல. இப்போ கேன்ல பிடிச்சு வச்சு, டவுன்ல பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட கொடுத்துடறோம். வாய்க்கால்ல ஊத்துற வேலை மட்டும் வேண்டாம்.

இதை ஏன் இன்னைக்குப் பேசறேன்னா, நம்ம கூட்டமைப்புக்கே சரக்கு வண்டி வாங்கப் போறோம். டிரைவர் போட்டாச்சுன்னு சொல்றாங்க. ஆயில் நோட்டு நம்ம கையில இருக்கணும், வாரம் ஒரு குழு பார்த்து எழுதணும்னு போன கூட்டத்துலயே சொன்னேன். "டிரைவர் தம்பி தன்னை நம்பலையேன்னு நினைப்பார்"னு ஒரு அக்கா சொன்னாங்க. நம்ம பணப்பெட்டி ஒருத்தர் வீட்ல, சாவி இன்னொருத்தர் வீட்ல இருக்கு. எண்ணும்போது எல்லாரும் உக்காந்துதான் எண்றோம். பொருளாளர் அக்கா என்னைக்காவது கோவிச்சிருக்காங்களா? எங்க வீட்டுக்காரர்கூட முதல்ல முகத்தைத் திருப்பினார். இப்போ நான் மறந்தா, "நோட்டு எழுதலையா?"ன்னு அவர்தான் கேட்கிறார். இதைத் தீர்மானமாப் போடணும்னு தலைவி அக்காகிட்ட இந்த மேடையிலேயே கேட்டுக்கறேன்.

தோடு திரும்பி வந்துடுச்சு, போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கேன். ஆம்னி பந்தலுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில நிக்குது. தரை சமமா இருக்கிற இடமாப் பார்த்துத்தான் நிறுத்தச் சொன்னேன். வண்டி நின்னு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, இன்ஜின் ஆறியிருக்கும். துணியும் எடுத்து வந்திருக்கேன். சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாடி யார் யார் வர்றீங்களோ வாங்க, ஆளுக்கு ஒரு தடவை குச்சியை உருவிப் பாருங்க.